எந்த வெளிச்சத்துக்கு எந்தப் பிக்சர் ப்ரொஃபைல்: குமரி மாவட்டத்தில் வீடியோ எடுப்பவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

புதிதாக வீடியோ எடுக்க வருகிறவர்கள் கேமராவைக் கையில் வாங்கியதும் "லாக்ல எடுத்தா சினிமா மாதிரி வரும்ல?" என்று கேட்கிறார்கள். லாக் என்பது பெரிய வெளிச்ச வித்தியாசத்தைச் சுருக்கி, வெளுத்த படமாகப் பதியும் ஒரு ப்ரொஃபைல்; எடிட்டில் நிறம் திருத்தினால்தான் இயல்பாகத் தெரியும். அந்தக் கேள்விக்கு முன்னால் மூன்று கேள்விகள் இருக்கின்றன. வீடியோ எப்போது, யாருக்குப் போகிறது? கேமரா எத்தனை பிட்டில் பதிகிறது? எடுக்கப்போகும் இடத்தில் வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் எவ்வளவு வித்தியாசம்? இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்துவிட்டால் ப்ரொஃபைல் தானாகவே முடிவாகிவிடும். வரிசையை மாற்றினால்தான் சிக்கல் வருகிறது.

சோனியில் பிக்சர் ப்ரொஃபைல், கேனனில் பிக்சர் ஸ்டைல், நிக்கானில் பிக்சர் கன்ட்ரோல், பானசோனிக்கில் போட்டோ ஸ்டைல், ஃபூஜிஃபிலிமில் ஃபிலிம் சிமுலேஷன் என்று பெயர் மாறும். வேலை ஒன்றுதான்: படத்தின் வெளிச்சமும் நிறமும் எப்படிப் பதிய வேண்டும் என்று கேமராவுக்குச் சொல்வது. இங்கே எல்லாவற்றையும் ப்ரொஃபைல் என்றே சொல்கிறோம்.

1. முதலில் கையில் இருக்க வேண்டியவை

18 சதவீத கிரே கார்டு ஒன்று. எக்ஸ்போஷர் (படத்தின் வெளிச்ச அளவு), ஒயிட் பேலன்ஸ் (வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி நிறத்தைச் சரிசெய்வது) இரண்டையும் இதை வைத்துத்தான் பார்க்கப் போகிறோம். வெள்ளைத் தாளை அதற்குப் பதிலாகப் பிடிக்க வேண்டாம். பல தாள்களில் வெண்மை கூட்டும் ரசாயனம் சேர்த்திருப்பார்கள்; வெயிலில் அது நீலம் காட்டும்.

லென்ஸ் அளவுக்குப் பொருந்தும் என்டி ஃபில்டர், அதாவது உள்ளே வரும் வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி. எவ்வளவு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பாவது அல்லது பாதியாவது) என்பது ப்ரொஃபைலைப் பொறுத்தது. 9-ஆம் பகுதியில் கணக்கு இருக்கிறது. அதைப் படிக்காமல் கடைக்குப் போகாதீர்கள்.

கேமராவில் ஜீப்ரா (நாம் வைத்த சதவீத வெளிச்ச அளவை எட்டிய இடத்தில் கோடு போட்டுக் காட்டுவது), ஹிஸ்டோகிராம் (வெளிச்சம் எங்கே எவ்வளவு என்று காட்டும் வரைபடம்) இரண்டும் எந்த மெனுவில் இருக்கின்றன என்று தெரிந்திருக்க வேண்டும். முட்டம் கடற்கரையில் மதிய வெயிலில் நின்று திரையைப் பார்த்தால் சரியாக எடுத்த படமும் இருட்டாகத்தான் தெரியும். திரையை நம்பி அப்பர்ச்சரை, அதாவது லென்ஸின் துளையை, திறந்தால் வானம் வெளுத்துவிடும்.

எடிட் செய்யும் கணினியையும் சோதித்துக்கொள்ளுங்கள். 10-பிட் எச்.265 (அதிகம் சுருக்கிய வீடியோ வகை) கோப்புகள் பழைய கணினிகளில் திக்கித் திக்கித்தான் ஓடும். ப்ராக்ஸி (எடிட்டுக்கு மட்டும் பயன்படும் சிறிய நகல்) உருவாக்கி எடிட் செய்யத் தெரியாவிட்டால், லாக்கில் எடுத்த கல்யாணம் வாரக்கணக்கில் அப்படியே கிடக்கும்.

2. வீடியோ எப்போது, எங்கே போகிறது?

லைவ் போகிறதென்றால் பேச்சே இல்லை: சாதாரண ப்ரொஃபைல். நம் ஊரில் பல கல்யாணங்களுக்கு லைவ் உண்டு. வளைகுடாவில் இருக்கும் சொந்தக்காரர்கள் போனில் பார்ப்பார்கள். மண்டபத்தின் எல்இடி திரைக்கும் கேமராவிலிருந்துதான் எச்டிஎம்ஐ இழுப்பார்கள். லாக்கில் வைத்திருந்தால் அங்கெல்லாம் சாம்பல் பூசினதுபோல வெளுத்த படம் போகும்.

இதில் புதியவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. காமா டிஸ்ப்ளே அசிஸ்ட் அல்லது வியூ அசிஸ்ட் போட்டிருந்தால் கேமராவின் திரையில் படம் நன்றாகத் தெரியும். அந்தத் திருத்தம் எச்டிஎம்ஐ வழியே வெளியே போகிறதா என்பது கேமராவுக்குக் கேமரா மாறும், போகாதவை நிறைய. எனவே லைவ் தொடங்குமுன் வீடியோ மிக்ஸர் முன்னால் போய் நின்று ஒருமுறை பாருங்கள்.

அன்று மாலையே ரீல்ஸ் வேண்டும், செய்திக்கு உடனே அனுப்ப வேண்டும் என்றாலும் சாதாரண ப்ரொஃபைல்தான். எடிட்டில் கலர் திருத்த ஆளும் நேரமும் இருக்கிற வேலைக்கு மட்டும் அடுத்த பகுதிக்குப் போங்கள்.

3. கேமரா எத்தனை பிட்?

8-பிட்டில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள். 10-பிட்டில் 1024. லாக் என்பது பெரிய வெளிச்ச வித்தியாசத்தைச் சுருக்கிப் பதிவது. எடிட்டில் அதைத் திரும்ப விரித்து எடுக்கிறோம். 256 படிகளை விரித்தால் படிகளுக்கு இடையே இடைவெளி கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும். விடியற்கால வானத்தில் ஆரஞ்சிலிருந்து நீலத்துக்கு மாறும் இடத்தில் பட்டை பட்டையாக விழுவது இதனால்தான். அதற்குப் பேண்டிங் என்று பெயர். வந்த பிறகு முழுதாக நீக்க வழியில்லை.

சோனி ஏ7 III, ஏ6400, முதல் இசட்வி-இ10 மூன்றும் மெமரி கார்டில் பதிவது 8-பிட். மெனுவில் எஸ்-லாக்2, எஸ்-லாக்3 இருக்கும். இருப்பதாலேயே எடுக்க வேண்டுமென்று இல்லை. ஏ7எஸ் III, ஏ7 IV, எஃப்எக்ஸ்30 போன்றவை 10-பிட் பதியும். பானசோனிக் ஜிஎச்5 கார்டிலேயே 10-பிட் பதியும். நிக்கான் இசட்6-இல் என்-லாக் வேண்டுமானால் வெளியே ரெக்கார்டர் மாட்ட வேண்டும். இசட்8-இல் உள்ளேயே பதியும். கேனன் 200டி, எம்50 வரிசையில் லாக் கிடையாது. அதற்காக வருத்தப்பட ஒன்றுமில்லை.

எங்கள் முடிவு தெளிவானது. 8-பிட் கேமராவில் லாக் வேண்டாம். தவிர்க்கவே முடியாத இடம் என்றால் எஸ்-லாக்3-ஐ விட எஸ்-லாக்2 அல்லது எச்எல்ஜி (எச்டிஆர் திரைகளுக்கான ப்ரொஃபைல்) தேவலாம்.

4. வெளிச்ச வித்தியாசத்தை அளக்கும் முறை

கண்ணால் பார்த்துச் சொல்வதில் பயனில்லை. கண் தானாகச் சரிசெய்துகொள்ளும், சென்சார் செய்யாது. இப்படி அளக்கலாம்:

முதலில் கேமராவைச் சாதாரண ப்ரொஃபைலில் வையுங்கள். முகம் வரப்போகும் இடத்தில், அதே வெளிச்சத்தில் கிரே கார்டைப் பிடிக்கச் சொல்லி, அது ஜீப்ரா அளவில் 41 முதல் 45 சதவீதத்துக்குள் வரும்படி எக்ஸ்போஷர் வையுங்கள். அடுத்து ஜீப்ராவை 100-இல் வைத்து, காட்சியில் வெளுக்கக் கூடாத பொருளைப் பாருங்கள்: மணப்பெண்ணின் வெள்ளை கவுன், மேகம், அருவித் தண்ணீர். அதில் கோடுகள் தெரிந்தால், மறையும்வரை அப்பர்ச்சரை மூடுங்கள். பெரும்பாலான கேமராக்களில் மூன்று கிளிக் ஒரு ஸ்டாப்.

கோடே வரவில்லை என்றால் சாதாரண ப்ரொஃபைல் போதும். ஒன்றரை ஸ்டாப் வரை மூட வேண்டியிருந்தால் அடுத்த பகுதியில் வரும் மென்மை வகை ப்ரொஃபைல். அதற்கும் மேல், மூன்று மூன்றரை வரை என்றால் லாக்கின் வேலை. காரணம் இதுதான்: சாதாரண ப்ரொஃபைலில் நடு சாம்பல் நிறத்துக்கு மேலே சுமார் இரண்டரை ஸ்டாப்தான் இடம். நல்ல லாக்கில் சுமார் ஆறு ஸ்டாப் இருக்கும்.

மூன்றரைக்கும் மேல் போனால் லாக்கும் காப்பாற்றாது. ஆளை நகர்த்துங்கள், ரிஃப்ளெக்டர் பிடியுங்கள், அல்லது பின்னணி வெளுக்கட்டும் என்று விட்டுவிடுங்கள். தங்க நகையின் மினுக்கு, கடல் அலையில் சூரியன் பட்டுத் தெறிக்கும் புள்ளிகள், சூரியன் இவற்றைக் கணக்கில் எடுக்க வேண்டாம். அவை வெளுக்கத்தான் வேண்டும்.

5. ப்ரொஃபைல்களின் நான்கு குடும்பங்கள்

பளிச் வகை: விவிட், லேண்ட்ஸ்கேப், வெல்வியா. நிறத்தையும் கான்ட்ராஸ்ட்டையும் கூட்டும். முகம் வரும் எந்த வேலைக்கும் எடுக்காதீர்கள். நம் தோல் நிறத்தில் இருக்கும் சிவப்பை இது செங்கல் நிறமாக்கிவிடும்.

சாதாரண வகை: ஸ்டாண்டர்ட், ஐடியு709, லைக்709. எடுத்தபடியே கொடுக்கலாம்.

மென்மை வகை: சோனியில் சினி1, சினி2, சினி4 காமாக்கள் (வெளிச்ச வளைவுகள்), எஸ்-சினிடோன், பானசோனிக்கில் சினிலைக் டி, நிக்கானில் ஃப்ளாட், ஃபூஜிஃபிலிமில் எடெர்னா, கேனனில் நியூட்ரல். வெளிச்சப் பகுதிகளைச் சட்டென்று வெளுக்க விடாமல் மெதுவாக அடக்கும். எடிட்டில் சிறு திருத்தம் போதும். எங்களைக் கேட்டால் குமரி மாவட்டத்தில் எடுக்கும் வேலைகளில் பெரும்பாலானவை இந்த வகையிலேயே முடிந்துவிடும். எஸ்-சினிடோன் சோனியில் பிபி11 (பிக்சர் ப்ரொஃபைல் 11) என்ற இடத்தில் இருக்கும். ஏ7 III, ஏ6400-இல் கிடையாது. அவற்றில் பிபி5-இல் உள்ள சினி1-ஐ எடுங்கள்.

லாக் வகை: எஸ்-லாக்3, கேனன் லாக்3, வி-லாக், என்-லாக், எஃப்-லாக், டி-லாக் எம்.

மென்மை வகையை எடுத்ததும் இரண்டு திருத்தங்கள். சோனியில் டீடெயில் அளவை -3 பக்கம் இறக்குங்கள். முகச்சுருக்கமும் புடவைச் சரிகையும் வெட்டினதுபோலத் தெரிவது குறையும். கேனன் நியூட்ரலில் ஷார்ப்னஸ் 0, கான்ட்ராஸ்ட் -2, சாச்சுரேஷன் -1. கான்ட்ராஸ்ட்டை -4 வரை இறக்கச் சொல்கிறவர்கள் உண்டு. 8-பிட்டில் அது லாக்கின் குறையைத்தான் கொண்டுவரும், லாக்கின் லாபத்தைக் கொண்டுவராது.

6. இடத்துக்கு இடம்

*கன்னியாகுமரியில் சூரிய உதயம்.* கரையில் நின்றால் காலையில் விவேகானந்தர் பாறையும் 133 அடி வள்ளுவர் சிலையும் எதிர்வெளிச்சத்தில் நிற்கும். இரண்டில் ஒன்றை முடிவு செய்யுங்கள். சிலையை நிழலுருவாகக் காட்டுவது என்றால் மென்மை ப்ரொஃபைலே போதும். வானத்துக்கு எக்ஸ்போஷர் வைத்து, முக்கால் ஸ்டாப் குறைத்துக்கொள்ளுங்கள். சிலையின் கல்லும் தெரிய வேண்டும், வானமும் வேண்டும் என்றால் 10-பிட் லாக். கல்லை நன்றாகக் காட்டவேண்டும் என்பதே நோக்கமென்றால் மாலையில் வாருங்கள். வெளிச்சம் நேராக விழும், சாதாரண ப்ரொஃபைலே அழகாக இருக்கும்.

சூரியன் வருமுன் அரைமணி நேரம் வானம் மங்கிய நீலம், வித்தியாசம் குறைவு. வந்த சில நிமிடங்களில் எல்லாம் மாறிவிடும். நடுவில் ப்ரொஃபைலை மாற்றாதீர்கள். எடிட்டில் இரண்டு பகுதியும் ஒட்டாது. சூரியன் வந்த பிறகு எது தேவையோ அதையே முதலிலிருந்து வைத்துக்கொள்ளுங்கள்.

*தேவாலயக் கல்யாணம்.* வெள்ளை கவுன், கறுப்பு கோட், நடுவில் மாநிறமோ கறுப்போ ஆன முகங்கள், பின்னால் ஜன்னல் வெளிச்சம். கோட்டாறு சவேரியார் பேராலயம் போன்ற பெரிய ஆலயமானாலும் கடற்கரை ஊரின் சின்ன ஆலயமானாலும் சிக்கல் ஒன்றே.

முகத்தை 70 சதவீதத்தில் வை என்று பல வீடியோக்களில் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அது வெள்ளைத் தோலுக்குச் சொன்ன கணக்கு. நம் முகங்கள் சாதாரண, மென்மை ப்ரொஃபைல்களில் 45 முதல் 60-க்குள் இருந்தால்தான் இயல்பாக இருக்கும். நல்ல கறுப்பு என்றால் 40-ஐ ஒட்டியும் வரலாம். அதை 70-க்கு ஏற்றினால் முகம் சுண்ணாம்பு பூசினதுபோல் ஆகும், கவுனின் மடிப்பும் லேஸும் மொத்தமாகப் போய்விடும். கவுன் 85 முதல் 90-க்குள் நிற்கட்டும். எஸ்-சினிடோன், எடெர்னா, நியூட்ரல் மூன்றும் இங்கே நன்றாக வேலை செய்யும். வாசலை விட்டு வெயிலுக்கு வரும் காட்சிக்கு மட்டும் முன்னாலேயே எக்ஸ்போஷரைத் தயார் செய்துகொள்ளுங்கள், ப்ரொஃபைல் அதேதான்.

*மண்டபக் கல்யாணம், மேடை விளக்கு, தோவாளைப் பூ.* மூன்றையும் சேர்த்துச் சொல்லக் காரணம், மூன்றிலும் கெடுவது ஒரே விஷயம்: அடர்ந்த நிறம்.

ஜீப்ரா காட்டுவது ஒளி அளவை மட்டுமே. ரெக்709 என்ற டிவி வீடியோ தரத்தின் கணக்கில் அந்த ஒளி அளவில் பச்சையின் பங்கு சுமார் 72 சதவீதம், சிவப்பு 21, நீலம் 7. அதாவது சுத்தமான சிவப்பு தன் உச்சத்தைத் தொட்டு நிற்கும்போதும் ஜீப்ரா அதை 21 என்றுதான் பார்க்கும். நீல எல்இடி முழு வேகத்தில் எரிந்தாலும் 7. புதியவர் "இருட்டா இருக்கே" என்று அப்பர்ச்சரைத் திறப்பார். அரக்குப் பட்டின் ஜரிகை வேலையெல்லாம் ஒரே சிவப்புத் திட்டாகும். நீல வெளிச்சத்தில் நிற்கும் மணமக்கள் முகத்தில் கண், மூக்கு எல்லை இல்லாமல் நிறம் மட்டும் நிற்கும்.

எனவே இந்த இடங்களில் ஜீப்ராவை நம்பாமல் மூன்று நிறமும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமைப் பாருங்கள். சில கேமராக்களில் எடுத்த பின் ப்ளேபேக்கில்தான் அது வரும். ஒரு புகைப்படம் எடுத்துப் பார்த்தாலும் போதும். எந்த நிறம் வலது ஓரத்தில் மோதி நிற்கிறதோ அது போய்விட்டது என்று அர்த்தம். எக்ஸ்போஷரை முக்கால் ஸ்டாப் குறையுங்கள். சோனியில் சாச்சுரேஷனை -4 முதல் -8 வரை இறக்கலாம். அளவு -32 முதல் +32 வரை போவதால் இது சிறிய மாற்றம்தான். நிறத்தை எடிட்டில் கூட்டிக்கொள்ளலாம், வெட்டுப்பட்டதைத் திரும்பப் பெற முடியாது.

தோவாளைச் சந்தையில் கேந்தியும் கோழிக்கொண்டையும் குவிந்திருக்கும் இடத்தில் இதே முறை. பிச்சிப்பூவின் வெண்மைக்கு எக்ஸ்போஷர் வைத்தால் மற்றவை பெரும்பாலும் தப்பிக்கும். பளிச் ப்ரொஃபைல் வைத்துப் பூவை எடுக்கலாம் என்று தோன்றும். பூவுக்கே அந்த நிறம் போதும்.

மேடை விளக்குக்காரரிடம் முன்கூட்டியே பேசி, மணமக்கள் மேல் நீலமும் ஊதாவும் அடிக்காமல் வெள்ளையோ மஞ்சள் கலந்த வெள்ளையோ வைக்கச் சொல்வது எந்த ப்ரொஃபைலையும் விடப் பலன் தரும்.

*பத்மநாபபுரம் அரண்மனை போன்ற இருண்ட உட்புறம்.* கறுத்த மரம், சிறு ஜன்னல்கள். வித்தியாசம் பெரிதாக இருக்கிறதே, லாக் எடுக்கலாம் என்று தோன்றும். ஆனால் தேவையான பகுதி முழுவதும் நிழலில் இருக்கிறது, லாக்கில் நாய்ஸ் (படத்தில் தெரியும் புள்ளிப் புள்ளியான இரைச்சல்) அதிகம் தெரிவதும் நிழலில்தான். ஜன்னலை வெளுக்க விட்டு, சாதாரண அல்லது மென்மை ப்ரொஃபைலில் மரத்துக்கு எக்ஸ்போஷர் வையுங்கள். ஏ7எஸ் III போல எஸ்-லாக்3-க்கு 640, 12800 என்று இரண்டு அடிப்படை ஐஎஸ்ஓ (நாய்ஸ் குறைவாக இருக்கும் ஒளியுணர்வு அளவு) உள்ள கேமராவானால் மட்டும் லாக்கை 12800-இல் யோசிக்கலாம். இடையில் 6400-இல் எடுப்பதைவிட 12800 சுத்தமாக இருக்கும். அரண்மனைக்குள் வீடியோ கேமராவுக்குத் தனி அனுமதியும் கட்டணமும் உண்டு, வாசலிலேயே கேட்டுவிடுங்கள்.

*கீரிப்பாறை ரப்பர் தோட்டங்கள்.* இலை வழியாக இறங்கும் வெளிச்சம் பச்சை. முகமும் பச்சையாகும். இங்கே ப்ரொஃபைலைவிட ஒயிட் பேலன்ஸில் மஜெந்தா பக்கம் சிறிது நகர்த்துவதுதான் மருந்து. திட்டுத் திட்டாக வெயில் விழும் நேரம் தவிர்த்து, காலை அல்லது மேகம் மூடிய நேரம் வந்தால் சாதாரண ப்ரொஃபைலே போதும்.

*திற்பரப்பு அருவி.* தண்ணீரின் வெண்மை 90-ஐத் தாண்டாமல் பாருங்கள். மென்மை வகை.

*மழைக்காலம்.* தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் நமக்கு உண்டு. மேகம் மூடிய வானத்தின் கீழே வித்தியாசமே இருக்காது. அப்போது லாக் எடுத்தால் படத்தின் மொத்தத் தகவலும் நடுவில் ஒரு குறுகிய பட்டையில் நெருக்கிக்கொண்டு நிற்கும். விரிக்கும்போது நாய்ஸும் விரியும். சாதாரண ப்ரொஃபைல், கான்ட்ராஸ்ட் ஒரு படி கூட்டினாலும் தவறில்லை.

*இரவுக் கொடை, வில்லுப்பாட்டு.* சீரியல் விளக்கு வெளுக்கட்டும். பாடுபவர் முகத்துக்கு வையுங்கள். சாதாரண வகை அல்லது சினி4. கறுப்பு கறுப்பாக இருந்தால்தான் இரவு இரவாகத் தெரியும்.

7. ஒயிட் பேலன்ஸ்: ப்ரொஃபைலுக்கு அடுத்த படி

ஆட்டோவில் விடாதீர்கள். ஒரே ஷாட்டின் நடுவில் நிறம் மெல்ல நகர்ந்தால் எடிட்டில் அதைப் பிடிப்பது பெரிய பாடு. லாக்கில் எடுத்திருந்தால் இன்னும் மோசம். உதயத்தில் ஆட்டோ வைத்தால், அந்த ஆரஞ்சைத் தவறு என்று நினைத்துக் கேமரா அதை நீக்கப் பார்க்கும். ஒயிட் பேலன்ஸை 5600 கெல்வினில் (வெளிச்சத்தின் நிற அளவு) நிறுத்துங்கள். நிழலில் 6500 முதல் 7000. பழைய மஞ்சள் பல்பு 2800 பக்கம்.

மண்டபங்களில் டியூப், எல்இடி, மஞ்சள் விளக்கு எல்லாம் கலந்திருக்கும். மணமக்கள் நிற்கும் இடத்தில் கிரே கார்டு வைத்து கஸ்டம் எடுத்துக்கொள்ளுங்கள். மண்டபத்தின் மூலை எந்த நிறமானாலும் பரவாயில்லை. கார்டு பிடிக்கும் நேரத்தில் மேடையின் நிற விளக்குகள் அணைந்திருக்க வேண்டும். இதைத்தான் பலரும் மறக்கிறார்கள்.

8. எக்ஸ்போஷர்: ப்ரொஃபைலுக்கு ஒரு கணக்கு

ஷட்டர் 25 ஃப்ரேமுக்கு 1/50. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் 1/50, 1/100 இரண்டிலும் டியூப் விளக்கு அலைவு பெரும்பாலும் வராது. 24 ஃப்ரேம் வைத்தாலும் ஷட்டரை 1/50-லேயே வையுங்கள். சில எல்இடி திரைகள் இதற்கும் கட்டுப்படாது. ஷட்டரைச் சிறிது சிறிதாக நகர்த்தும் வசதி இருந்தால் கோடு மறையும் இடத்தில் நிறுத்துங்கள்.

சாதாரண, மென்மை வகைகளில் வெளிச்சப் பகுதியைக் காப்பாற்றுவது முதல் வேலை. லாக்கில் நிழலைக் காப்பாற்றுவது முதல் வேலை. புதியவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

எஸ்-லாக்3-இல் சரியான எக்ஸ்போஷர் என்றால் கிரே கார்டு 41 சதவீதத்தில் நிற்கும். ஒரு ஸ்டாப் கூட்டினால் 49, இரண்டு கூட்டினால் 58. ஒன்று முதல் ஒன்றரை ஸ்டாப் கூட்டி, அதாவது 49 முதல் 54-க்குள் வைத்து எடுங்கள். எடிட்டில் இறக்கும்போது நாய்ஸும் சேர்ந்து கீழே போகும். ஆனால் கூட்டும்போது இன்னொரு ஜீப்ராவை 94-இல் வைத்துப் பாருங்கள்; எஸ்-லாக்3 அந்த அளவிலேயே வெட்டுப்படும், 100 வரை போகாது. 100-இல் ஜீப்ரா வைத்துவிட்டுக் "கோடே வரலையே" என்று நம்பியவர்களின் வானம்தான் வெள்ளைத் தாளாக வந்து சேர்கிறது.

வி-லாக்கில் கிரே கார்டு 42. கேனன் லாக்3-இல் 34 பக்கம். ஒரு கேமராவின் எண்ணை இன்னொன்றில் போடக் கூடாது.

9. என்டி ஃபில்டர் கணக்கு

லாக்கில் ஐஎஸ்ஓவை இறக்க முடியாது. கேமராவைப் பொறுத்து 500, 640, 800 என்று ஓர் அடிமட்டம் இருக்கும். நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/100, அப்பர்ச்சர் எஃப்16 என்பது பழைய கணக்கு. ஐஎஸ்ஓ 100, 1/50 என்றால் எஃப்22. அங்கிருந்து எஃப்4-க்கு வர 5 ஸ்டாப், அதாவது என்டி32.

அதே வெயிலில் ஐஎஸ்ஓ 800 லாக் என்றால் இன்னும் 3 ஸ்டாப். மொத்தம் 8, என்டி256. ஒன்றரை ஸ்டாப் கூட்டி எடுப்பதாக வைத்தாலும் ஆறரை வேண்டும். கடைகளில் பரவலாகக் கிடைக்கும் 2 முதல் 5 ஸ்டாப் வேரியபிள் என்டி (திருப்பித் திருப்பி அளவை மாற்றும் வகை) வட்டக்கோட்டை மதியத்துக்கு எட்டாது. அதை மாட்டிக்கொண்டு போனவர் கடைசியில் ஷட்டரை 1/500-க்கு ஏற்றுவார். அலையும் கையசைவும் வெட்டி வெட்டித் தெரியும். லாக் எடுப்பதாக முடிவு செய்தால் 6 முதல் 9 ஸ்டாப் வகையை வாங்குங்கள். எந்த வேரியபிள் என்டியையும் கடைசி எல்லைவரை திருப்பாதீர்கள். அகலக்கோண லென்ஸில் படத்தின் குறுக்கே இருண்ட பெருக்கல் குறி விழும். ஃபில்டர் மாட்டிய பிறகு ஒயிட் பேலன்ஸை மறுபடி எடுங்கள். மலிவான ஃபில்டர்களில் மஞ்சளோ பச்சையோ ஏறும்.

10. இரண்டு கேமரா, ஒரு ட்ரோன்

எல்லாவற்றிலும் ஒரே வகைக் குடும்பத்தை வையுங்கள். ஒன்று 8-பிட், மற்றொன்று 10-பிட் என்றால் இரண்டுமே மென்மை வகை; பலவீனமான கேமராதான் முடிவு செய்யும். நல்ல கேமராவை மட்டும் லாக்கில் வைத்தால் எடிட்டருக்கு இரட்டை வேலை, முகநிறமும் ஒவ்வொரு ஷாட்டுக்கும் மாறும். டிஜேஐ ட்ரோனில் நார்மல் அல்லது டி-சினிலைக். தரையில் லாக் ஓடினால் மட்டும் டி-லாக் எம்.

கெல்வின் எண்ணை எல்லாக் கேமராவிலும் கையால் ஒன்றாக வையுங்கள். எண் ஒன்றானாலும் நிறுவனத்துக்கு நிறுவனம் நிறம் சற்று மாறும். அதற்காக, வேலை தொடங்குமுன் ஒரே வெளிச்சத்தில், ஒரே கிரே கார்டையும் ஒரு முகத்தையும் எல்லாக் கேமராவிலும் பத்து வினாடி பதிவு செய்துகொள்ளுங்கள். பிறகு பொருத்த இதுதான் பிடிமானம்.

11. சேமித்து வைப்பதும், எடிட்டருக்குக் கொடுப்பதும்

தாலி கட்டும் நேரத்தில் மெனுவுக்குள் போய்த் தேடக் கூடாது. சோனியில் 1, 2, 3 என்ற நினைவு இடங்கள், கேனனில் சி1, சி2, சி3 இருக்கின்றன. ஒன்றில் வெளி வெயில், ஒன்றில் உள்ளரங்கம், ஒன்றில் லைவ் என்று ப்ரொஃபைல், ஒயிட் பேலன்ஸ், ஷட்டர், ஜீப்ரா அளவு எல்லாம் சேர்த்துச் சேமியுங்கள். சேமித்தபின் வேறு முறைக்குப் போய்த் திரும்பி வந்து, எல்லாம் அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள். ஜீப்ரா போன்ற சில அமைப்புகள் சில கேமராக்களில் இதில் சேராது.

சேமித்த ஒவ்வொன்றிலும் வீட்டு வாசலில், அறைக்குள், தெருவிளக்கில் பத்துப் பத்து வினாடி எடுத்து, ஒருமுறை போனிலும் ஒருமுறை டிவியிலும் பாருங்கள். போன் திரை நிறத்தைக் கூட்டிக் காட்டும். டிவியில்தான் நாய்ஸ் தெரியும்.

மெமரி கார்டை எடிட்டரிடம் கொடுக்கும்போது கூடவே ஒரு துண்டுச் சீட்டு: கேமரா, ப்ரொஃபைல், ஐஎஸ்ஓ, கெல்வின், எத்தனை ஸ்டாப் கூட்டி எடுத்தது, எந்தக் கிளிப்பில் கிரே கார்டு இருக்கிறது. எஸ்-லாக்3-ஐ எஸ்-லாக்2-க்கான லட் (LUT, லாக்கை இயல்பான நிறத்துக்கு மாற்றும் கோப்பு) போட்டு விரித்தால் முகநிறம் கோணும். ஒன்றரை ஸ்டாப் கூட்டியது தெரியாமல் லட்டை நேராகப் போட்டால் கவுன் வெளுத்ததுபோலத் தோன்றி, எடுத்தவர் தவறு என்று ஆகிவிடும். முதலில் எக்ஸ்போஷரை இறக்கி, அதன்பிறகு லட் போட வேண்டும் என்றும் சீட்டின் அடியில் எழுதிக் கொடுங்கள்.